கம்பெனி சிவப்பாக வேண்டும்

நான் வேலை பார்த்த கம்பெனி அரசாங்கத்திடம் கெட்ட பெயர் வாங்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டேன். அதில் எனக்கு வெட்கமில்லை.

சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். அங்கே ஒவ்வொரு கம்பெனிக்கும் அரசாங்கம் ஒரு நிறம் கொடுக்கும். போதுமான சவுதிக்காரர்கள் வேலையில் இருந்தால் பச்சை, குறைந்தால் சிவப்பு. எங்கள் கம்பெனி பச்சை. எங்கள் பாஸ்போர்ட்டுகளை மேனேஜர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தான். அறைக்குப் பத்துப் பேர். ஏசி கம்பெனியின் கேம்ப்பில் ஏசி ஓடாது. ஆனாலும் பச்சை. எங்களை யார் கேட்டார்கள்?

வேறொரு கம்பெனியில் எனக்கு வேலை தயாராக இருந்தது. குடும்ப விசாவும் தருவதாகச் சொன்னார்கள். என் மகளுக்கு மூன்று வயது. ஒரே ஒரு லீவில்தான் அவளைத் தூக்கியிருக்கிறேன். மேனேஜரோ என்னை விட மறுத்தான். நம் தமிழன்தான், கையெழுத்து என்றால் மட்டும் பேனா கிடைக்காது.

புதுக் கம்பெனிக்காரர் வழி சொன்னார்: "உங்க கம்பெனி சிவப்பாயிட்டா அவங்க சம்மதமே வேண்டாம். ஆனா மாசக் கடைசி வரைக்கும்தான் இடம் வச்சிருப்பேன்."

அன்றிலிருந்து கண் விழித்ததும் போனில் அரசாங்க இணையதளத்தைத் திறந்து கம்பெனியின் நிறத்தைத்தான் பார்ப்பேன்.

எங்கள் கணக்கில் நான்கு சவுதிக்காரர்கள். மூன்று பேர் வெறும் பெயருக்கு; ஆபீசுக்கு வந்தது ஒரு கிளார்க் மட்டும். ஒருவர் குறைந்தாலும் பச்சை போய்விடும். ஒருநாள் தாமதமாக வந்தான் என்று மேனேஜர் அவனை எங்கள் முன்னால் திட்டினான். அவன் சாவியை மேசையில் போட்டான். "கலாஸ்", முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான்.

என் அறையில் இருந்த தூத்துக்குடி அண்ணன் கட்டிலில் ஏறிக் குதித்தார். "ஏல, ஒனக்கு விடிஞ்சிட்டுல!"

மறுநாள் மேனேஜர் நான் ஓட்டும் கம்பெனி வேனில் ஏறினான். மடியில் ஸ்வீட் பெட்டி. "அந்தக் கிளார்க் வீட்டுக்கு விடுய்யா, யல்லா!"

கிளார்க் திரும்பி வந்தால் என் கதை முடிந்தது. முடிந்தவரை மெதுவாக ஓட்டினேன்.

"என்னய்யா, நடந்தே போயிருக்கலாம் போல. ஜல்தி!"

"வண்டி இழுக்கல சார். சர்வீஸ் பேப்பர்ல நீங்கதான் கையெழுத்துப் போடல."

வீட்டு வாசலில் மேனேஜர் சிரித்தான். அவன் பல்லை அன்றுதான் பார்த்தேன். கிளார்க் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். ஸ்வீட் பெட்டியை வாங்கிக்கொண்டான். "மாஃபி", கிடையாது என்றான். கதவைச் சாத்தினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

ஆனாலும் நிறம் உடனே மாறவில்லை. ஒவ்வொரு காலையும் பச்சை. போனை உடைக்கலாம் போல இருந்தது. மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, பல் விளக்கிக்கொண்டே திறந்தேன். சிவப்பு! நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் தீப்பிடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள். அன்றே புதுக் கம்பெனி விண்ணப்பம் போட்டது. மறுநாள் மாற்றம் உறுதியாகிவிட்டது.

நேராக மேனேஜரிடம் போனேன்.

"கம்பெனி தடுமாறுற நேரத்துல விட்டுட்டுப் போறியே, உன்னைய நம்பலாமாய்யா?"

"பாஸ்போர்ட்டை எடுங்க சார்."

முனகிக்கொண்டே அலமாரியைத் திறந்தான். என் தோளுக்குப் பின்னாலிருந்து தூத்துக்குடி அண்ணனின் குரல் கேட்டது. "அப்படியே என்னதையும் எடுத்துருங்க சார்."

திரும்பிப் பார்த்தேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது.