வரிசை தாண்டிய ஸ்லைடு

வெளிநாட்டு மாநாட்டுக்குப் போவது டாக்டர்களின் பிறப்புரிமை என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் எல்லோரும் நினைத்திருந்தோம். வருஷம் தவறாமல் போவார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கொரு பேனாவைக் கொண்டுவந்து எங்களுக்குத் தானம் செய்வார்கள். அதனால் ஆய்வகப் பணியாளர்களின் உலகச் சங்கத்திலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தபோது, அறிக்கைகளைத் தட்டச்சு செய்யும் நான் அதை மூன்று முறை படித்த பிறகுதான் நம்பினேன்.

அக்கா என் கூடப்பிறந்தவரல்ல. ஆய்வகத்தில் அத்தனை பேருக்கும் அவர் அக்கா. நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்த சதையை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, எந்திரத்தில் சீவுவது அவர் வேலை. ஒரு தலைமுடியை நீளவாக்கில் இருபதாகப் பிளந்தால் என்ன கனம் வருமோ, அந்தக் கனம். சீவிய சவ்வை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியதும் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி எடுப்பார். சாயம் ஏற்றியதும் அது டாக்டரின் மேசைக்குப் போகும். வெட்டுவது அக்கா, பார்ப்பது டாக்டர்.

இதில் ஒரே ஒரு கட்டளைதான் வேதவாக்கு. ஒரு நோயாளி முடிந்ததும் தண்ணீரின் மேற்பரப்பைக் காகிதத்தால் துடைத்தெடுக்க வேண்டும். மறந்தால் முந்தையவரின் துணுக்கு மிதந்து வந்து அடுத்தவரின் ஸ்லைடில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒருவர் நோய் இன்னொருவர் தலையில் விடியும். அதை எப்படித் தடுப்பது என்றுதான் அக்கா கட்டுரை எழுதி அனுப்பியிருந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர்மேல் ஒரு புகார் கிடையாது. அந்தக் கர்வமும் அவருக்கு உண்டு. புதிதாக வந்தவர்கள் காகிதம் போட மறந்தால் வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார்.

பயண ஏற்பாட்டையெல்லாம் தலைமேல் போட்டுக்கொண்டது அவருடைய நாத்தனார். அக்காவுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் கணவர், கணவரின் தங்கை, அக்கா, மூன்றே பேர். ஊரெல்லாம் அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையுமாக இருக்க, இவர்கள் இருவரும் நகமும் சதையுமாக இருந்தார்கள். காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் நாத்தனாருக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஊசி போட்டு எடுத்த சதையை அக்காவே வெட்டினார். புற்றுநோய் என்று அறிக்கை வந்தது. மூன்றே வாரத்தில் ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். நிச்சயமாகியிருந்த கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி முறித்துக்கொண்டார்கள். புண் ஆறும்வரை அக்கா லீவு போட்டு, குளிப்பாட்டி, சோறு ஊட்டினார். "எங்க அண்ணி கையாலதான் நான் உயிரோட நடமாடுறேன்" என்று நாத்தனார் காய்கறிக்காரரிடம்கூடச் சொல்லுவாள்.

விசா நேர்காணலுக்கு ஒத்திகை நடந்த அன்று நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன். நாத்தனார் அண்ணனின் கோட்டை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

"எதுக்கு எங்க நாட்டுக்கு வர்றீங்க?"

"கட்டுரை வாசிக்க."

"திரும்பிப் போவீங்கன்னு என்ன உத்தரவாதம்?"

"என் நாத்தனாருக்கு ஒழுங்கா ஒரு காபி போடத் தெரியாது. நான் போகலைன்னா வீடு பட்டினி."

"அண்ணி! அங்க இப்படிப் பேசினா வாசலோட அனுப்பிடுவான்!"

விசா கிடைத்தது. டிக்கெட் போட்டாயிற்று. கட்டுரையோடு காட்டப் படங்கள்தான் பாக்கி. சுத்தமாக வெட்டிய ஸ்லைடு ஒன்று வேண்டுமென்றதும் அக்காவுக்கு வேறெதுவும் தோன்றவில்லை. "என் நாத்தனாரோடதை எடுக்கிறேன். அதைவிட நல்லதா எதை வெட்டிட்டேன்?" என்று கிடங்குக்குப் போய்த் தேடி எடுத்து வந்தார். மதிய இடைவேளையில் டாக்டரின் நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தார். இத்தனை வருஷத்தில் அதை அவர் பார்த்ததே இல்லை.

வெகுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது, "அந்த நாள் பதிவேட்டை எடு" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

அந்த ஸ்லைடில் ஒரே சதையின் மூன்று சீவல்கள் வரிசையாக இருந்தன. மூன்றும் அச்சில் வார்த்தது போல ஒன்றாகவே இருக்க வேண்டும். நடுச் சீவலின் ஓரத்தில் மட்டும் கூடுதலாக ஒரு துணுக்கு ஒட்டியிருந்தது. நோய் அந்தத் துணுக்கில் மட்டும்தான் இருந்தது. அதற்கு முன்பு வெட்டிய நோயாளியின் ஸ்லைடை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே நோய், அதே சாயல். நாத்தனாரின் மெழுகுக் கட்டியை மறுபடி வெட்டினார். எட்டு ஸ்லைடுகள். ஒன்றிலும் நோய் இல்லை. வந்தது வெறும் சாதாரணக் கட்டி. அறுவைக்குப் பிறகு வந்த அறிக்கையையும் தேடி எடுத்தேன். எடுத்த மார்பில் நோய் காணவில்லை, ஊசியோடு முழுக்க வந்துவிட்டது போலும் என்று அன்றைய டாக்டர் எழுதியிருந்தார். அதைத் தட்டச்சு செய்தவளும் நான்தான். 'நல்ல காலம்' என்று அன்றைக்கு எல்லோரும் சந்தோஷப்பட்டோம்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று.

"அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி வந்தேன். ஒரு ஆளுக்கு வெட்டிட்டு இருந்தப்போ இவ மெழுகுக் கட்டி தயாராயிடுச்சு. பதினோரு பேர் காத்திருந்தாங்க. நம்ம பொண்ணு, சாயங்காலத்துக்குள்ள தெரிஞ்சிடணும்னு வரிசையைத் தாண்டி நடுவுல வச்சேன். காகிதம் போட்டேனா?" அக்கா தன் கைகளைப் பார்த்தார். "போடல. எனக்குத் தெரியும், போடல."

ஒரு தடவை. வேறு யாருக்காவது என்றால் அந்த அவசரமே வந்திருக்காது.

இப்போதைய தலைமை டாக்டர் அந்தக் காலத்தில் இங்கே இல்லை. எல்லாவற்றையும் பார்த்து, அக்கா கண்டது சரிதான் என்று உறுதி செய்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "ஆறு வருஷம் ஆச்சு. பழசைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? உங்க கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஸ்லைடு எண்ணை மறைச்சிட்டுப் படத்தைப் போடுங்க. போயிட்டு வாங்க." அவர் கெட்டவரில்லை. எனக்கும் அதுவே சரியென்று பட்டது. நானும் அக்காவிடம் வாயை மூடிக்கொள்ளத்தான் சொன்னேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் மூடி வைக்க முடியாதபடி ஒரு மாத்திரை இருந்தது. நோய் திரும்பாமலிருக்க நாத்தனார் அதை ஆறு வருஷமாகத் தினமும் விழுங்கி வந்தாள். மூட்டெல்லாம் வலி. மாடிப்படியைக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டுதான் ஏறுவாள். இன்னும் நாலு வருஷம் விழுங்க வேண்டும். பேசாமலிருந்தால் அக்காவே தன் கையால் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும். சொன்னால் அந்த வீட்டில் அவரை அம்மா போல நினைக்கும் ஒரே உயிர் போய்விடும். நாலு நாள் அக்கா சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள், மாத்திரையை நிறுத்தலாம் என்று தலைமை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, "நீயும் வா. நடுவுல நிறுத்திட்டேன்னா நீ சொல்லி முடிச்சிடு" என்று என்னைக் கூட்டிப்போனார்.

நாத்தனார் அக்காவின் பயணப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா நின்றபடியே சொன்னார். நிறுத்தவில்லை. தண்ணீர்த் தொட்டி, காகிதம், எட்டு ஸ்லைடு, எண்ணை மறைக்கச் சொன்ன டாக்டரின் யோசனை, எல்லாவற்றையும் சொன்னார்.

நாத்தனாரின் முகம் முதலில் மலர்ந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அப்போ எனக்கு அது வரவே இல்லையா? இனிமே திரும்பி வராதா?"

"வராது. மாத்திரையும் வேண்டாம். டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்."

ஆறு வருஷமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை அவள் விட்டாள். பிறகு அவள் கை தானாக மேலே போய், சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்திருந்த பக்கத்தில் நின்றது.

"சீக்கிரம் தெரியணும்னு எனக்காகவா அவசரப்பட்டீங்க?"

"உனக்காகத்தான்."

"நான் கேட்டேனா அண்ணி?"

அக்கா அழுதார். தேற்ற யாரும் எழவில்லை. மாநாட்டுக்குப் போகவில்லை, டிக்கெட்டை ரத்து செய்துவிடுகிறேன் என்றார்.

"போகணும்" என்றாள் நாத்தனார். குரல் உயரவே இல்லை. "எண்ணை மறைச்சு யாரோ மாதிரி போடாதீங்க. யாரோடது, யார் வெட்டினது, எதுக்கு அவசரம்னு எல்லாம் எழுதி, அவங்க முன்னாடி நின்னு வாசிங்க."

அந்த வாசகத்தை அங்கேயே, சாப்பாட்டு மேசையில், என் மடிக்கணினியில் தட்டச்சு செய்தேன். அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். 'இது என் நாத்தனாரின் ஸ்லைடு. நான் வெட்டினேன். அன்போடு வரிசையைத் தாண்டி வெட்டினேன். தண்ணீரைத் துடைக்கவில்லை. ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள்.'

நாத்தனார் என் தோளுக்குப் பின்னால் நின்று இரண்டு முறை படித்தாள்.

"அன்போடங்கிறதை எடுத்துடுங்க" என்றாள். "வயசு போடுங்க. அப்போ எனக்கு இருபத்தி ஒன்பது."