ஸஹருக்கு எழுப்பியவள்

"...அலாரம் வைக்கிறதே இல்ல மாமு. தூங்குனாத்தானே முழிக்கிறதுக்கு?" என்று சிரித்தாள் அக்கா மகள்.

தெற்குவாசலில் அக்கா வீட்டுக்கு நோன்பு திறக்கப் போயிருந்தேன். அந்த ரமலான் மாதம் முழுக்க விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு வீட்டையே எழுப்பியவள் அவள்தான். "எம்மகளுக்கு ஈமான் எம்புட்டுன்னு பாரு" என்று அக்கா மகளின் இறைநம்பிக்கையைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் ஆமாம் போட்டவன்தான். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். டாக்டர் படிப்புக்கு இரண்டாம் முறை பரீட்சை எழுதப்போகும் இந்தப் பிள்ளையோ நித்திரையையே அறியாமல் இருந்திருக்கிறது. அவள் மேசைக்கு அடியில் எனர்ஜி டிரிங்க் டின்கள் காலியாய்க் குவிந்து கிடந்ததை அன்றுதான் பார்த்தேன். அதைக் கேட்கப்போய்த்தான் இந்தப் பதில்.

"நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது மாமு. படுத்தா, செவுத்துக்கு அந்தப் பக்கம் யாரோ என் மார்க்க வாசிக்கிற மாதிரி இருக்கு."

அக்கா அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குக் கஞ்சியக் குடிச்சிட்டுப் படும்மா. காலையில டாக்டரப் பாப்போம். அம்மாகிட்ட நான் சொல்றேன்."

"கஞ்சி குடிச்சா கண்ணு சொக்கும். தூங்கிட்டா படிச்சதெல்லாம் போயிரும் மாமு."

பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. எல்லாரும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தோம். அவள் கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, துப்பட்டாவுக்குள்ளிருந்து ஒரு டின்னை எடுத்துத் திறந்தாள். டின்னின் விளிம்பு பல்லில் தட்டிக்கொண்டே இருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.