மஸ்கட் காட்டிய பூஜ்யம்

டிடிபி சென்டரின் ஷட்டரை முழுக்கத் தூக்குமுன்பே எலியேசர் கணினியைப் போட்டுவிடுவார். கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர்கள் நிற்கட்டும், முதலில் மஸ்கட். இரும்புலியூரில் பாதிப் பெண்களுக்குப் பத்திரிகை அடித்தவர் அவர். சொந்த மகள் ஷீலா தானாகப் பார்த்து ஒருவனைக் கட்டிக்கொண்டபோது மட்டும் அடிக்கவில்லை. “இந்தப் படியை மிதிக்காதே” என்று ஒரு வார்த்தை விட்டார். அவள் கணவனோடு மஸ்கட் போய் மூன்று வருடமாகிறது. போன் வந்தால் மனைவி பேபிதான் பேசுகிறார்.

போனை வாங்கி இவர் பேசலாமே? வாய் வராது, வீம்பு. புத்தகம் பார்த்து இணையப் பக்கம் ஒன்றைத் தாமே கட்டினார். ஷீலாவின் பள்ளிப் படங்கள், வீட்டு வாசல் செம்பருத்தி, கடைசியில் ஒரே வரி: ‘அப்பா சொன்னது தப்பு.’ முகவரியைப் பேபி மூலம் சொல்லி அனுப்பினார்.

அவள் பார்க்கிறாளா என்று தெரிய வேண்டுமே! பக்கத்துக்கு வருகிறவர்களை எண்ணி ஊர் சொல்லும் டிராக்கர் ஒன்றைப் போட்டார். அது பதினாலு பேர் என்றது. நம்பாமல் இன்னொன்று போட்டார், அது ஐந்து என்றது. பிறகு மூன்றாவது, நான்காவது. “நாலு பேரைக் கேட்டாத்தான் சார் நெசம் தெரியும்” என்பார். பல்லாவரம் சந்தையில் விலை கேட்டதுபோல நாலும் நாலு சொல்லின.

சென்ற வாரம் ஒன்று மட்டும் மஸ்கட் என்று காட்டியது. தங்கிய நேரம் பூஜ்யம். மறுநாளும் அப்படியே. அன்று ஒரு பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரையும் மாமனார் பெயரையும் இடம் மாற்றி அடித்துவிட்டார் எலியேசர். “எட்டிப் பாத்துட்டு உடனே போயிட்டா. அப்பன் மூஞ்சி புடிக்கல” என்று முனகினார்.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த பேபிதான் விஷயத்தைச் சொன்னார். “அவ தெனம் தொறக்குறாளாங்க. வெள்ளையாவே நிக்குதாம், ஒண்ணும் வரலயாம். அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரலயானு கேட்டு அழுவுறா.”

எலியேசருக்கு அப்போதுதான் உறைத்தது. டிராக்கர்கள் நான்கும் வேலையை முடித்த பிறகுதான் பக்கம் தெரியும். மகளிடம் இருந்த மெதுவான இணைப்பு அதைத் தாங்கவில்லை. இவர் கணினியில் எல்லாம் முன்பே பதிந்து கிடந்ததால் இவருக்குத் தெரியவே இல்லை. வந்த பெண்ணை மறுபடியும் வாசலிலேயே நிறுத்திவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது.

மூன்றை மளமளவென்று அழித்தார். நான்காவதில் கை நின்றது.

“அது ஒண்ணாவது இருக்கட்டுங்க. அவ வந்தா நமக்குத் தெரிய வேணாமா?” என்றார் பேபி.

“வேணாம். அவ தடங்கல் இல்லாம வரட்டும்” என்று அதையும் அழித்தார்.