காய்ச்சல் விடட்டும் என்று காத்திருந்த பகை

மெர்லிந்தா சோப்போடு வருவதைப் பார்த்தால் பிலிப்பைன்ஸின் ஜெனரல் சாந்தோஸ் நகரத் துறைமுகத்துக் கிருமிகள் எல்லாம் கூட்டமாகக் கடலில் குதித்துவிடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன், பாதியாவது குதிக்கும்.

அவள் குத்துச்சண்டைக்காரி. போன வருடம் அணித் தேர்வுக்கு முன்னால், அதே இடத்துக்குப் போட்டியிட்ட ரூபெலின் கண்வலியோடு பயிற்சிக்கு வந்து, மெர்லிந்தாவின் துண்டை எடுத்து முகம் துடைத்துக்கொண்டாள். தேர்வன்று மெர்லிந்தாவின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. டாக்டர் அவளை ஒதுக்கினார். அதற்குள் கண் தேறிவிட்ட ரூபெலின் அணியோடு மணிலாவுக்குப் பறந்தாள்.

அன்றிலிருந்து மெர்லிந்தாவுக்குத் தனித் துண்டு, தனி பாட்டில். பயிற்சி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அந்தக் கூடத்தில் யாரும் செய்யாத காரியம் அது. உழைத்துச் சூடான கையில் தண்ணீர் பட்டால் நரம்பு தளர்ந்து பாஸ்மா பிடிக்கும், கை நடுங்கும் என்பார்கள்.

"கழுவு, கழுவு. நாளைக்கு ஒரு சூரை மீனைத் தூக்கக்கூட அந்தக் கை உதவாது," என்றாள் ரூபெலின்.

"உன் தாடை எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும். அது போதும்."

இந்த வருடத் தேர்வு நெருங்கும்போது ஃப்ளூ வந்தது. ஒரே குவளையில் தண்ணீர் குடித்த கூடமே இருமியது. ரூபெலின் காய்ச்சலில் விழுந்தாள். மெர்லிந்தா ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

"அவ வரலைன்னா இடம் உனக்குத்தான். போய்த் தூங்கு," என்றார் பயிற்சியாளர் டாடோங்.

"படுத்துக் கெடக்கிறவளோட இடம் எனக்கு எதுக்கு, கோச்? அவ நல்லா இருக்கும்போது அடிக்கணும். தேர்வைத் தள்ளி வைங்க."

கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் வாங்கினாள். பிறகு மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு ரூபெலின் வீட்டுக்குப் போய், இஞ்சி தட்டிப் போட்ட கோழிக் கஞ்சியை வாசலில் வைத்தாள். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

"விஷம் கலந்திருக்கியாடி?" என்றாள் ரூபெலின் படுக்கையிலிருந்து.

"கலந்தா செத்துருவ. அப்புறம் நான் யாரை அடிக்கிறது? குடி."

தினமும் கஞ்சி. தினமும் அதே வசவு.

தேர்வன்று ரூபெலின் நிமிர்ந்து வந்து நின்றாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்றாள். மணி அடித்தது. முதல் சுற்றிலேயே மெர்லிந்தாவின் வலது கை தாடையில் இறங்க, ரூபெலின் கயிற்றைத் தாண்டி நடுவர் மேசையில் போய் விழுந்தாள். ஒரு வருடக் கோபம் அந்த ஒரு குத்தில் தீர்ந்தது.

நான் இதைச் சொல்லும்போது பக்கத்தில் மீன் சுட்டுக்கொண்டிருந்த ரூபெலின் திரும்பினாள்.

"மேசையும் இல்ல, கயிறும் இல்ல. கடைசிச் சுற்று வரைக்கும் நின்னேன், ஒரு புள்ளியிலதான் ஜெயிச்சா. அன்னைக்கும் எனக்குக் காய்ச்சல் விடல. மாத்திரை போட்டு அமுக்கிட்டு வந்தேன். அவகிட்ட சொல்லிடாதீங்க. இல்ல, சொல்லுங்க. சொன்னாத்தான் அவளுக்கு எரியும்."