கருங்காலியில் கந்தக நாற்றம்

நீங்கள் இசையைக் காதால் கேட்கிறீர்களா, கண்ணாலா? காதால்தான் என்று மார்தட்டிய ஒரு பேண்டு மாஸ்டரை, காற்றுக்கருவிகளைப் பழுதுபார்க்கும் ஒருத்தி மூன்று ஆண்டுகளாகக் கறுவிக்கொண்டிருந்தாள்.

அவள் தம்பி அந்த பேண்டில் கிளாரினெட் வாசித்தவன். எபோனைட் எனும் கெட்டி ரப்பரில் செய்த கருவிதான் அவனுக்கு வாய்த்தது. "செருப்புல ஊதினா செருப்புச் சத்தம்தாண்டா வரும்" என்று எல்லோர் எதிரிலும் சொல்லி மாஸ்டர் அவனை வெளியே அனுப்பினார். அதன்பின் அவன் பெட்டியைத் திறக்கவே இல்லை. குழலின் உள்ளளவும் வாய்முனையும் அதில் கட்டும் ரீடு எனும் நாணல் நாக்கும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன, எதில் செய்தது என்பதற்கு அதில் பங்கு சொற்பம் என்று அவள் போய் வாதாடினாள்.

"உனக்குத் திருப்புளி, எனக்குக் காதும்மா" என்று சிரித்தார்.

வேறு ஆள் கிடைக்காமல் ஒருநாள் அவருடைய கருங்காலிக் கிளாரினெட் அவள் மேசைக்கே வந்தது. மேல்துண்டில் ஒரு துளையின் விளிம்பில் காற்று கசிந்தது. அரத்தால் லேசாக இழுத்தாள். குப்பென்று கந்தக நாற்றம்! மரத்தூளில் அது வராது, எபோனைட்டில்தான் வரும். கீழ்த்துண்டு அசல் மரம். பழைய மேல்துண்டு எப்போதோ மூச்சின் ஈரத்தில் வெடித்திருக்க வேண்டும்; மரத்துக்கு அந்த வியாதி உண்டு. ரப்பர் வெயிலில் நிறம் மாறும், கீழே விழுந்தால் உடையும், ஈரத்துக்கு மட்டும் அசையாது. யாரோ ரப்பர் துண்டைச் செருகி இவர் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அவள் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பழி சுத்தமாக இருக்கவேண்டும் அல்லவா?

ஒத்திகைக் கூடத்துக்கு அவளே எடுத்துப்போனாள். மாஸ்டர் ஊதிப்பார்த்துக் கண் சொக்கினார். "கேட்டீங்களாடா? மரம்னா மரம்தான்!"

"ஐயா, மேல்துண்டைக் கட்டைவிரலால சூடேறத் தேய்ச்சு மோந்து பாருங்க."

தேய்த்தார். மோந்தார். முகம் செத்துப்போனது.

"எங்க, என் மூக்குக்கும் காட்டுங்க" என்று டிரம்காரர் எட்டிப்பார்த்தார். "அட, ரப்பரு!"

"பாதிதானேம்மா..." என்று மாஸ்டர் இழுத்தார்.

"அப்ப என் தம்பிக்கும் பாதி நாற்காலி போதுமா?"

கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தம்பியின் எண்ணைப் போட்டு, ஒலிபெருக்கியை அழுத்தி, கைபேசியை அவரிடம் நீட்டினாள்.

"நான் சொன்னது தப்புப்பா... திரும்ப வந்துடு."

"இன்னும் சத்தமா, ஐயா. பின்வரிசைக்குக் கேக்கலை."

மறுவாரம் தம்பி வந்து உட்கார்ந்தான். அவளோ இன்றுவரை மாஸ்டரை மன்னிக்கவில்லை, ஏன் மன்னிக்கவேண்டும்?

உங்கள் குழுவிலும் கருவியைப் பார்த்து யாரையாவது விரட்டியிருப்பீர்கள். இன்றே அவரைக் கூப்பிடுங்கள். நடுவே ஒரு திரையைக் கட்டி வாசிக்கச் சொல்லுங்கள்.