பேச்சு நின்றுபோன எண்கள்

முஸ்பிராவிடம் இருந்த காசுக்கு இரண்டு வழிதான். இந்தப் பருவத்துக்கு மீன் வாங்கிக் காயப்போடலாம். அல்லது எதிர்க் கதிரையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை ஆலோசகராக வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் காணாது.

அந்தப் பெண்ணின் பெயர் டிலோஜினி. சின்ன வியாபாரங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பொருத்திக் கொடுப்பது அவள் தொழில். வவுனியாவிலிருந்து பஸ் பிடித்து மன்னாரில் இருக்கும் எருக்கலம்பிட்டிக்கு வந்திருந்தாள். கருவாடு போடும் கொட்டிலான வாடிக்குள் மூக்கைப் பொத்தாமல் நுழைந்ததிலேயே முஸ்பிராவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஆனால் பிடித்துப்போனதற்காகக் காசைக் கொடுத்துவிட முடியுமா?

யுத்தத்தில், தொண்ணூறாம் ஆண்டு, வடக்கு முஸ்லிம்களோடு சேர்த்து ஊரே வெளியேற்றப்பட்டபோது முஸ்பிரா சின்னப் பிள்ளை. வளர்ந்தது புத்தளத்து முகாமில். யுத்தம் முடிந்ததும் கணவன் றஊபோடு திரும்பி வந்தாள். வராமல் அங்கேயே தங்கிவிட்டவர்கள்தான் அவளுடைய வியாபாரம். அவர்களுக்கு மன்னார்க் கட்டாமீன் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. முதலில் பஸ் கண்டக்டர் கையில் பொதி அனுப்பினாள். பிறகு எல்லாம் போனில் வரும் குரல் செய்திதான்.

அந்தச் செய்திகளில் யாரும் மீனின் பெயர் சொல்வதில்லை. “மகள், நான்தான். போன முறை மாதிரி அனுப்பு” என்று ஒரு குரல் வரும். எந்த வீட்டில் பிரஷர், எந்த வீட்டில் பல் இல்லை, எந்த மருமகளுக்குத் திருக்கை மணம் ஆகாது என்று பார்த்து அவளே பொறுக்கிக் கட்டுவாள். போனில் பெயர்களைப் பதிந்திருந்ததும் அப்படித்தான்: கொய்யாமரத்து மாமா, கிணத்தடி மாமி, தையல் சாச்சி. முழுப் பெயர் அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை.

இரண்டு வருடமாக அந்தக் குரல்கள் குறைந்துகொண்டே வந்தன. வேறு ஊர்களிலிருந்து வரும் மலிவுக் கருவாடுதான் ஆட்களை இழுக்கிறது என்று நினைத்தாள். விலையைக் குறைத்துப் பார்த்தாள். புதுப் பை அடித்துப் பார்த்தாள். வாடியில் வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவராக நின்று, கடைசியில் ஆமினா மட்டும் மிஞ்சினாள். மன்னார் டவுனில் கடையொன்றில் நிற்கும் றஊப், நீ தொடங்கியதை நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டான். அது தைரியம் சொன்னதா, கைகழுவியதா என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை.

டிலோஜினி மடிக்கணினியைத் திறந்து, குரல் செய்தியைக் கேட்டுத் தானே பதில் எழுதும் மென்பொருளைக் காட்டினாள். வாசலில் மீன் கீறிக்கொண்டிருந்த ஆமினாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“உப்புத் தடவவும் அது வருமா?”

“அதுக்குத்தானே நீங்கள் இருக்கிறியள்” என்றாள் டிலோஜினி.

காசு தருவதற்கு முன் ஒருதரம் சோதித்துப் பார்க்கச் சொன்னாள். பழைய செய்திகளை மென்பொருள் படித்து, கனகாலமாகப் பேச்சு நின்றுபோன எண்களைத் தனியே பிரித்தது. போனவர்கள்தானே, கேட்டால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று முஸ்பிராவும் ஓம் என்றாள். ஒவ்வொருவருக்கும் அவளுடைய பேச்சைப் போலவே ஒரு செய்தி போயிற்று: ‘மாமா, உங்களக் கன நாளாக் காணல்ல. நல்ல கட்டா வந்திருக்கு, அனுப்பவா?’

தேத்தண்ணி ஆறுவதற்குள் முதல் பதில் வந்தது. கொய்யாமரத்து மாமாவின் எண். முஸ்பிரா சந்தோஷத்தோடு சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பேசியது மாமாவின் மகள் ஷப்னா.

“ராத்தா, வாப்பா மௌத்தாகி ஒரு வருஷமாகப் போகுது. குறூப்பில நீங்களும் இன்னாலில்லாஹி போட்டிருந்தீங்கதானே.”

ஆமினாவின் கத்தி நின்றது.

சிதறிக் கிடக்கும் ஊராருக்கு மரணங்களை அறிவிக்க போனில் ஒரு ஜனாஸாக் குழு உண்டு. முஸ்பிரா அதைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். தகப்பன் பெயர், முழுப் பெயர், அடக்கம் செய்யும் நேரம். ஒவ்வொன்றின் கீழும் இன்னாலில்லாஹி என்று அவளுடைய இரங்கல் துஆ இருந்தது. பொதி கட்டும் அவசரத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனவை. ஷப்னா சொன்ன காலத்தில் முஹம்மது ஹனீபா என்று அங்கே இருந்தவர்தான் கொய்யாமரத்து மாமா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவருடைய மௌத்துக்குத் துஆவும் போட்டுவிட்டு, கருவாடு வாங்க வரவில்லையே என்று இவ்வளவு நாளும் அவர்மேல் மனத்தாங்கலும் வைத்திருந்திருக்கிறாள்.

போன் மறுபடி மறுபடி அதிர்ந்தது. கிணத்தடி மாமி நோன்புக்கு முன்பே போய்விட்டிருந்தார். தையல் சாச்சியின் எண்ணில் பேரன் இருந்தான். உம்மும்மா இல்லை, எங்கள் வீட்டில் இப்போது யாரும் கருவாடு தின்பதில்லை என்று மரியாதையாகவே எழுதியிருந்தான்.

டிலோஜினி மடிக்கணினியைத் தள்ளி வைத்தாள்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. ஆக்கள் உயிரோட இருக்கினமோ எண்டு முதல்ல விசாரிச்சிருக்கோணும். என்ர பிழை.”

“எனக்கே தெரியாதே. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

விலையும் பையும் ஒன்றுமே காரணமில்லை. இந்தப் பருவத்துக்கு மீன் வாங்கியிருந்தால், அதைத் தின்ன ஆளில்லாமல் வாடியிலேயே மக்கியிருக்கும். முஸ்பிரா மடிக்கணினியைக் காட்டி, தெரியாத ஆட்களை இது பிடித்துத் தருமா என்று கேட்டாள்.

டிலோஜினி பூசி மெழுகவில்லை. கொழும்பில் தேடலாம், வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களிடம் தேடலாம், ஆனால் கிடைக்கும் என்று எழுதித் தரமாட்டேன் என்றாள். வேண்டாமென்றால் இப்போதே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போகிறேன் என்றும் சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து, வாடிக்கு வழக்கமாக மீன் தரும் தாழ்வுபாடு ஊர் அமிர்தநாயகம் மோட்டார் சைக்கிளில் மீன் பெட்டியோடு வந்து நின்றார். கட்டா, கண் இன்னும் பளபளத்தது. எடுக்கவா என்று ஆமினா எழுந்தாள்.

முஸ்பிரா அலுமாரியைத் திறந்து காசை எடுத்தாள். வாசலையும் பார்த்தாள், டிலோஜினியையும் பார்த்தாள். பிறகு காசை மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“புது ஆக்களத் தேடுங்க. மௌத்தான வீடுகளோட மட்டும் அதப் பேச விடவேணாம். நானே பேசுறன்.”

அமிர்தநாயகத்திடம், இன்றைக்கு வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொன்னாள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஆமினா கத்தியைக் கழுவித் துணியில் சுற்றினாள்.

“ராத்தா, மீன் இல்லாட்டி நாளைக்கு நான் வரவா?”

முஸ்பிரா ஷப்னாவின் எண்ணை அழுத்திப் போனைக் காதில் வைத்திருந்தாள். மறுமுனையில் மணி போய்க்கொண்டிருந்தது. ஆமினா பதிலுக்காக வாசலிலேயே நின்றாள்.