செர்ரிப் பலகையில் ஒரு முகம்

மனைவி ஒஷினோவை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள் காலையில், உமேகிச்சியின் வீட்டு வாசலில் பதிப்பாளர் தொகுஎமோன் வந்து நின்றார். கையில் ஒரு சுருட்டிய ஓவியத் தாள். கபுகி நாடக நடிகர் மினெகாவா ரின்ஷோ முந்தின நாள் இறந்துபோயிருந்தார்.

“உன் வீட்டு நிலைமை தெரியாம வரலப்பா. ஆனா அவரோட அஞ்சலிப் படம் மத்தவங்களுக்கு முன்னாடி நம்ம கடையில தொங்கணும். பலகையில தலைமுடிய இழை இழையா செதுக்க உன்னை விட்டா யாரு இருக்கா?”

“வச்சிட்டுப் போங்க ஐயா.”

தொகுஎமோன் தாளை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உமேகிச்சி ஜப்பானின் எடோ நகரத்தில் இருபத்தாறு வருடமாக அச்சுப் பலகை செதுக்குகிறவன். ரின்ஷோவை மட்டும் முப்பது தடவையாவது செதுக்கியிருப்பான்; நாடகக் கொட்டகைக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. ஒஷினோதான் வருடத்துக்கு ஒருதரம் சோற்று உருண்டைகளைக் கட்டிக்கொண்டு கிளம்புவாள்.

“நீ செதுக்குற மூக்கு அவரு மூக்கே இல்லய்யா. ஒருநாள் வந்துதான் பாரேன்” என்று திரும்பி வந்ததும் சீண்டுவாள்.

“ஓவியர் வரைஞ்ச மூக்கு. அவர்கிட்ட போய்ச் சொல்லு” என்பான்.

மூன்றே நாள் காய்ச்சல். போய்விட்டாள்.

தாளைச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, நெற்றியோரத்து முடியிலிருந்து செதுக்கத் தொடங்கினான். கை பிசகவில்லை. நடுவில், ஒஷினோவின் மூக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தான். நினைவுக்கு வரவில்லை. கண்ணை மூடினால் ரின்ஷோதான் வந்தார். இதற்காகவாவது அழுகை வரும் என்று கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தான். வரவில்லை. மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டான்.

படம் அச்சானது. அஞ்சலிப் படங்களுக்கே உரிய வெளிர்நீல அங்கியும் கையில் ஜெபமாலையுமாக ரின்ஷோ கடைகளில் தொங்கினார். பெண்கள் தெருவிலேயே தேம்பினார்கள். பக்கத்து வீட்டு ஒகாயோ ஒரு படத்தை வாங்கிக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி வந்தாள். உமேகிச்சியைக் கண்டதும் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

“தப்பா நினைச்சுக்காத தம்பி. ஒஷினோவுக்குக்கூட நான் இப்படி அழல.”

“பரவால்லக்கா. நான் ரெண்டு பேருக்கும் அழல.”

அவள் வீட்டுக்குள் போய் ஒரு கிண்ணம் முள்ளங்கி ஊறுகாயோடு வந்தாள். அவன் நின்றபடியே தின்றான். உப்பு கூடவா குறைவா என்று தெரியவில்லை.

இருபது நாளில் படம் விற்பது நின்றுபோனது. வேறொரு நடிகரைச் செதுக்கச் சொல்லி, புது ஓவியத்தோடு அதே பலகை திரும்பி வந்தது. உமேகிச்சி வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அதை இழைத்தான். புருவமும் மூக்கும் முடியும் சுருள் சுருளாக மடியில் விழுந்தன. அவற்றை அள்ளி அடுப்பில் போட்டு, தேநீருக்குத் தண்ணீர் வைத்தான். அது கொதிப்பதற்குள் புதுத் தாளை ஒட்டிவிடலாம் என்று பசையைக் கலக்க ஆரம்பித்தான்.